பூனை கடித்த துணிக்குப் பொறுப்பாளி யார்?



வியாபாரிகளாகிய நமக்கு நஷ்டம் ஒன்று ஏற்பட்டால் இரண்டு கேள்விகள் எழுகின்றன. "யார் செய்தது?" என்பது ஒன்று, "எதனால் ஆயிற்று?" என்பது மற்றொன்று. முதற்கேள்வி கோபத்தோடு முந்திக்கொண்டு வருகிறது. இரண்டாவது கேள்வி கோபம் தணிந்த பிறகே வருகிறது. சில சமயம் வராமலே போய்விடுகிறது.

கிட்டங்கியில் அடுக்கி வைத்த கைலிக் கட்டுகளை எலி குதறினால், சுவரில் பொந்து எங்கே என்று தேடுகிறோம். மழைத் தண்ணீர் இறங்கிச் சரக்கு நனைந்தால், கூரையில் ஒழுகும் இடத்தைப் பார்க்கிறோம். எலியையோ மழையையோ நன்றி கெட்டது என்று எவரும் ஏசுவதில்லை. ஆனால் அந்த எலியை விரட்டுவதற்கென்று சோறிட்டு வளர்க்கும் பூனை, வீட்டிலுள்ள கம்பளிப் போர்வையை மென்று ஓட்டையாக்கினால் மட்டும் நம் வழக்கம் மாறிவிடுகிறது. "தின்ற சோற்றுக்குத் துரோகம் செய்கிறது," "வேண்டுமென்றே பழி வாங்குகிறது" என்று தீர்ப்பளித்துவிட்டு, விளக்குமாற்றைத் தேடுகிறோம்.

பூனை துணி கடிப்பதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் புன்னகை செய்யலாம். சிறிய விஷயந்தான். ஆயினும் பெரிய கேள்வி ஒன்று இதற்குள் அடங்கியிருக்கிறது. பகுத்தறிவில்லாத ஒரு ஜீவன் நம் பொருளுக்குச் சேதம் விளைத்தால் அதன்மீது குற்றம் உண்டா? இல்லையென்றால், அந்தக் குற்றம் காற்றோடு போய்விடுமா, அல்லது வேறு யாருடைய பேரேட்டிலாவது பற்று எழுதப்படுமா? இதைத்தான் நாம் இங்கே சிந்திக்க விரும்புகிறோம்.

தீர்ப்புக்கு முன் விசாரணை வேண்டுமன்றோ? ஆகவே நடப்பது இன்னதென்று முதலில் பார்ப்போம்.

பிறந்த குட்டி பால் குடிக்கும்போது, தாயின் மடியை முன்கால்களால் மாற்றி மாற்றிப் பிசைகிறது. பால் நன்றாகச் சுரப்பதற்காகப் படைத்தவன் அதற்குக் கற்றுக்கொடுத்த வித்தை அது. வளர்ந்த பூனையும் மெத்தென்ற போர்வையைக் கண்டால் அவ்வாறே பிசைவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சில பூனைகள் அதோடு நில்லாமல் துணியை வாயில் வைத்துச் சப்புகின்றன. இன்னும் சில, கடைவாய்ப் பல்லில் கொடுத்து மெல்லுகின்றன. மிகச் சில, மென்றதை விழுங்கியும் விடுகின்றன. பிசைவதில் தீங்கில்லை, சப்புவதில் துணி நனைவதைத் தவிர வேறு நஷ்டம் அதிகமில்லை, மெல்லுவதில் துணி போகிறது, விழுங்குவதிலோ பூனையின் உயிரே போகக்கூடும். இப்பழக்கம் பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தொடங்குகிறது.

எல்லாத் துணியையும் பூனை ஒன்றாகப் பார்ப்பதில்லை. 1997-ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், துணி தின்னும் பூனைகள் 152-ஐப் பற்றி அவற்றை வளர்ப்போரிடம் விசாரித்தறிந்தார்கள். ஏறக்குறைய எல்லாப் பூனைகளுமே கம்பளியைத் தின்றன. அதற்கு அடுத்தது பருத்தி. செயற்கை இழைத் துணி அதற்கும் அடுத்தது. செம்மறியாட்டு ரோமத்திலுள்ள லானோலின் என்னும் கொழுப்பின் வாடை தாயின் மடியை நினைவூட்டுகிறது போலும் என்பது சிலர் கருத்து.

அந்தப் பூனைகளில் பாதிக்கு மேற்பட்டவை சயாமிய இனம். அதற்கு அடுத்தபடி பர்மிய இனம். இவ்விரண்டும் நமக்கு அயல்நாட்டுச் சரக்கல்ல. இரயிலேறிப் போகும் தூரத்திலுள்ள சயாமிலிருந்து கப்பலேறிப் போன பூனைகள், 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் வெள்ளைக்காரர் வியக்கும்படி நின்றன. 1930-இல் பர்மாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்ட வோங் மாவ் என்ற ஒரு பெண்பூனைதான் இன்றைய பர்மிய இனத்துக்கு மூதாயாக எண்ணப்படுகிறது. ஆக, இப்பழக்கத்தில் ஒரு பங்கு இரத்தத்தோடு வருவது. முடியின் நிறத்தையும் கண்ணின் நீலத்தையும் போல, பூனை அதைத் தானாகத் தேர்ந்தெடுக்கவில்லை.

இரண்டாவது பங்கு தாய்ப்பாலைச் சேர்ந்தது. 2015-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பிர்மன் என்னும் இனத்தில், காலத்துக்கு முன்பே பால் மறக்கடிக்கப்பட்ட குட்டிகளிடமும், உடன்பிறந்தவை குறைவாயிருந்த குட்டிகளிடமும் இப்பழக்கம் அதிகம் காணப்பட்டது. சயாமியப் பூனைகளிலோ வேறு நோயுடையவற்றிடம் அதிகம் இருந்தது. 2017-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி சர்வகலாசாலையார் 5,700-க்கு மேற்பட்ட பூனைகளைப் பற்றி விவரம் திரட்டினார்கள். 8 வாரம் நிறையுமுன் தாயைப் பிரிந்தவற்றிடம் மூர்க்கம் மிகுதி. 14 வாரம் வரை தாயோடு இருந்தவற்றிடம் தீய பழக்கங்கள் குறைவு என்று கண்டார்கள்.

மூன்றாவது, பூனை வாழும் வாழ்க்கை. பூனை வேட்டைப் பிராணி. வெளியில் திரிந்தால் ஒரு நாளில் பல தடவை பதுங்கும், பாயும், பிடிக்கும், தின்னும். அதன் வாய்க்கும் காலுக்கும் கண்ணுக்கும் ஓயாத வேலை இருக்கும். அதையே நாலு சுவருக்குள் தனியாக அடைத்து, ஒரு தட்டில் இரண்டு வேளை உணவை வைத்துவிட்டுப் போனால், மிச்சப் பொழுதை அது என்ன செய்யும்? வேலையற்ற வாய் துணியைத் தேடுகிறது. நாலாவது, நோய். வயிற்றுக் கோளாறு, இரத்தக் குறைவு, பல் உபாதை முதலியவற்றாலும் பூனை உணவல்லாததை உண்ணத் தொடங்கும்.

விசாரணை இவ்வளவு. இனி வழக்குக்கு வருவோம்.

பழி வாங்குதல் என்றால் என்ன? இப்பொருள் இன்னாருடையது, இது அவருக்கு அருமையானது, இது கெட்டால் அவர் மனம் நோகும், அந்த நோவு எனக்கு வேண்டும் என்று இத்தனையும் எண்ணுவதுதான் பழி. பூனைக்குப் போர்வையின் விலை தெரியுமா? அது ஹஜ்ஜிலிருந்து வாப்பா கொண்டுவந்த முஸல்லா என்று தெரியுமா? மூன்று வெள்ளித் துண்டும் முந்நூறு வெள்ளிச் சால்வையும் அதற்கு ஒன்றே. செயல்கள் யாவும் நிய்யத்தைப் பொறுத்தவை என்று சின்ன வயதிலேயே மதரஸாவில் ஓதிய நாம், நிய்யத்தே இல்லாத ஜீவனிடம் கெட்ட நிய்யத்தைக் கற்பிப்பது எவ்வாறு நியாயமாகும்? மார்க்கச் சட்டம் புத்தியுள்ளவர்க்கே விதிக்கப்பட்டது. குழந்தையின் மீதும் புத்தி பேதலித்தவன் மீதும்கூடக் குற்றம் எழுதப்படுவதில்லை. பூனையின் மீது எழுதுவது எப்படி?

"அப்படியானால் நாம் இல்லாத நேரம் பார்த்துக் கடிக்கிறதே, அது கள்ளத்தனம் அல்லவா?" என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். விடை இரண்டு. நாம் இல்லாத நேரமே அதற்குத் தனிமையின் நேரம். ஆகவே அப்பொழுதுதான் கடிக்கிறது. அடுத்தபடி, நாம் இருக்கும்போது அடி விழுகிறது என்பதை மட்டும் அது படித்துக்கொண்டிருக்கிறது. காலையில் கடித்த துணிக்கு மாலையில் கடையடைத்து வந்து அடித்தால், துணிக்காக அடிக்கிறோம் என்று அதற்கு விளங்காது. வாசற்கதவு திறந்தால் அடி வரும் என்றே விளங்கும். அந்தப் பயம் முற்றினால் துணியைச் சப்புவதும் முற்றும். அடி மருந்தாகவில்லை; நோயைத்தான் வளர்க்கிறது.

சரி, பூனை குற்றமற்றது என்று விடுதலை செய்துவிட்டோம். அத்தோடு வழக்கு முடிந்ததா? இல்லை; இங்கேதான் தொடங்குகிறது.

வாயில்லாப் பிராணி தானாக விளைக்கும் சேதத்துக்கு ஈடு இல்லை என்பது ஹதீஸில் வந்துள்ள பொது விதி. ஆனால் ஹிஜ்ரி 676-இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், நம் ஷாபியீ மத்ஹபின் பெரிய ஆதாரமாகிய மின்ஹாஜ் என்னும் கிதாபில், பூனையைப் பற்றியே ஒரு சட்டம் எழுதியிருக்கிறார்கள். பிறருடைய பறவையையோ உணவையோ பூனை ஒன்று நாசமாக்கினால், அதற்கு அந்த வழக்கம் உண்டென்பது முன்பே தெரிந்திருக்குமாயின், பகலானாலும் இரவானாலும் உடையவர் ஈடு கொடுக்க வேண்டும். தெரிந்திராவிடில் வேண்டியதில்லை என்பதே அதன் கருத்து.

சகோதரர்களே! இந்தச் சட்டத்தின் நுட்பத்தைக் கவனியுங்கள். பூனை மாறவில்லை, நாசமான பொருளும் மாறவில்லை. மாறியது உடையவரின் அறிவு ஒன்றே. தெரியாதவரை பொறுப்பில்லை, தெரிந்த கணத்தில் பொறுப்பு வந்து தோளில் ஏறிவிடுகிறது. பிறர் பொருளுக்கு இச்சட்டம் சொல்லப்பட்டதாயினும், இதிலுள்ள நியாயம் நம் வீட்டுக்கும் பொருந்தும். காரணம் இன்னதென்று தெரிந்துகொண்ட மனிதன், தெரியாதவனைப் போல் நடந்துகொள்ள முடியாது. காரணத்தை அறிவது பூனைக்கு விடுதலைப் பத்திரம். நமக்கோ கடன் பத்திரம்.

எந்தெந்தக் கடன்? மூன்று சொல்லலாம்.

முதற்கடன் குட்டியைச் சேர்ந்தது. கண் திறந்து சில வாரமே ஆன குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, பெட்டியில் போட்டு மார்க்கெட்டின் பின்புறத்தில் விட்டுவருவதை நாம் கண்டிருக்கிறோம். "சின்னதாயிருந்தால்தான் பழகும்" என்று சொல்லி ஒரு மாதக் குட்டியைக் கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. பயணம் ஒன்றில் சஹாபாக்கள் சிலர் ஒரு சிறு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததையும், அதைக் கண்ட ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் தாயிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னதையும் அபூதாவூத் கிதாபில் காண்கிறோம். தாயின் தவிப்பு அந்தச் சம்பவத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. குட்டியின் தவிப்போ உடனே தெரிவதில்லை. பல மாதம் கழித்து, யாரோ ஒருவர் வீட்டில், ஒரு கம்பளியின் மூலையில் ஈரமாகத் தெரிகிறது. அங்கே போர்வையைப் பறிகொடுத்தவர் பூனையைத் திட்டுகிறார். அந்த நஷ்டத்தின் அசல் கணக்கு, குட்டியை அவசரப்பட்டுப் பிரித்தவரிடம் இருக்கலாம். ஆகவே கொடுப்பவரும் வாங்குபவரும் மூன்று மாதமாவது பொறுக்கட்டும்.

இரண்டாவது கடன் அடைத்து வளர்ப்பதைச் சேர்ந்தது. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளில் பல ஆண்டுகளாகப் பூனை வளர்க்க அனுமதியில்லை. 2024 செப்டம்பர் 1 முதல் வீட்டுக்கு 2 பூனைகள் வரை, உரிமம் பெற்று வளர்க்கலாம் என்றாயிற்று. நல்ல செய்திதான். ஆனால் ஐந்தடிப் பாதையில் திரிந்த பூனைக்கும் பத்தாவது மாடியில் அடைபட்ட பூனைக்கும் வித்தியாசம் உண்டு. பூனையைக் கட்டி வைத்து, தானும் உணவு கொடாமல், பூமியிலுள்ள புழு பூச்சிகளைத் தின்னவும் அவிழ்த்து விடாமல் சாகடித்த பெண்ணின் கதியை நாம் எல்லாரும் பயானில் கேட்டிருக்கிறோம். அங்கே குற்றம் இரண்டு பங்கு: கொடுக்கவில்லை, தேடிக்கொள்ளவும் விடவில்லை. கதவைச் சாத்துவது குற்றமல்ல. கீழே விழாமலும் வண்டியில் அடிபடாமலும் காக்க அது தேவையும்கூட. ஆனால் கதவைச் சாத்தியவன், வெளியில் அது தேடிக்கொண்டிருக்கக்கூடிய யாவற்றுக்கும் ஜாமீன் நின்றவனாகிறான். உணவு மட்டுமல்ல, ஓட்டம், விளையாட்டு, துணை ஆகியவையும் அந்தக் கணக்கில் சேரும்.

மூன்றாவது கடன் நம் தொழிலைச் சேர்ந்தது. துணி விழுங்கும் பூனை என்று தெரிந்தே, சொல்லாமல் இன்னொருவர் தலையில் கட்டிவிடுவது நடக்கிறது. மேலே காய்ந்த தானியத்தைப் பரப்பி, நனைந்ததைக் கீழே மறைத்து வைத்த கடைக்காரரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் வியாபாரிகளுக்குப் புதிதல்ல. விற்றாலும் இனாமாகக் கொடுத்தாலும் குறையைச் சொல்லிக் கொடுப்பதே நேர்மை. சொல்லாவிட்டால் வாங்கியவர் போர்வையை இழப்பார். பூனை அடி வாங்கும். கடைசியில் தெருவுக்கு வரும். மறைத்தவர் ஒருவர்; அனுபவிப்பவர் இருவர்.

"மனிதர் கஷ்டப்படும் காலத்தில் பூனைக்கு இவ்வளவா? நம் பொருளுக்கு மதிப்பில்லையா?" என்று கேட்போர்க்கும் பதில் சொல்ல வேண்டும். பொருளும் அமானத்துதான். அதை வீணாகக் கெடவிடச் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் ஒரு வசதி என்னவென்றால், துணியைக் காப்பதும் பூனையைக் காப்பதும் ஒரே காரியம். கம்பளியையும் முஸல்லாவையும் மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டினால், பொருளும் பிழைக்கிறது, பூனையின் குடலும் பிழைக்கிறது. விளக்குமாற்றை ஓங்குவதைவிட அலமாரியைச் சாத்துவது சுலபமன்றோ?

நிற்க. செய்யத்தக்கதைச் சுருக்கமாகச் சொல்லுவோம். இரண்டு வேளை உணவை நாலைந்து சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுங்கள். சிலவற்றை ஒளித்து வைத்துத் தேடித் தின்னச் செய்யுங்கள். காலையிலும் மாலையிலும் பத்து நிமிஷம் அதனோடு விளையாட வீட்டுப் பிள்ளைகளை ஏவுங்கள். கடிக்க வேண்டும் என்ற ஆசைக்குத் தொட்டியில் புல் வளர்த்து வையுங்கள். பழக்கம் திடீரென்று தொடங்கினாலும், உண்ணாமலோ வாந்தியெடுத்தோ சோர்ந்து கிடந்தாலும் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். குடலில் துணி அடைத்துக்கொண்டால் அறுவைச் சிகிச்சை வேண்டிவரும். இத்தனை செய்தும் பழக்கம் முழுதும் நீங்காத பூனைகளும் உண்டு. அவற்றிடம் துணியை அண்டவிடாமல் காப்பதே வழி.

தையற்கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்குத் தனியாக ஒரு சொல். நூல், போர்வையைவிடப் பொல்லாதது. ஊசி கோத்த நூலைப் பூனை விழுங்கினால், ஒரு நுனி நாக்கின் அடியில் சிக்கிக்கொண்டு, மறுநுனி குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கக் கண்டால் இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம், அப்படியே வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். இரவு கடையடைக்குமுன் தரையைப் பெருக்கி, நூலையும் ஊசியையும் பெட்டியில் வைத்து மூடுவது இரண்டு நிமிஷ வேலை.

துணியையும் பூனையையும் சேர்த்து நம்மவரிடையே ஒரு கதை உலவுகிறது. அங்கியின் மேல் உறங்கிய பூனையை எழுப்ப மனமின்றி அந்தத் துணியை அறுத்துவிட்டுத் தொழுகைக்கு எழுந்து போனார்கள் என்பது அது. நபி (ஸல்) அவர்கள் மீது இதை ஏற்றிச் சொல்லுவோர் உண்டு. நாம் ஆதாரமாகக் கொள்ளும் ஹதீஸ் கிதாபுகளில் அப்படி இல்லை. ரிபாயீ நாயகம் (ரஹ்) அவர்களைப் பற்றியே இச்சம்பவம் சொல்லப்படுகிறது. திரும்பி வந்தபோது பூனை எழுந்து போய்விட்டிருக்க, அறுத்த துணியைத் திரும்பவும் தைத்துக்கொண்டார்களாம். துணியை அறுத்ததைப் பலரும் சொல்லுகிறார்கள். திரும்பத் தைத்ததை மறந்துவிடுகிறார்கள். பூனைக்காகத் துணி கொஞ்சம் கெட்டது, கெட்டதை மனிதன் சரிசெய்தான், இருவருக்கும் நஷ்டமில்லை. சரிசெய்யும் கை மனிதனுக்குத்தான் இருக்கிறது. ஆகவேதான் கேள்வியும் மனிதனிடமே கேட்கப்படும்.

பூனை அசுத்தமானதல்ல, உங்களிடையே வந்து போய்ச் சுற்றித் திரிவனவற்றில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். நம் வீட்டில் சுற்றித் திரியும் அந்த ஜீவன் நம்மிடம் விலை கேட்பதில்லை, வழக்காடுவதில்லை, சங்கத்துக்கு மனு எழுதுவதுமில்லை. அதற்கு வாய் இருக்கிறது, பேச்சில்லை. சில சமயம் அது துணியைக் கடிப்பதுதான் அதன் பேச்சு. "தாய் போதவில்லை, துணை போதவில்லை, உடம்பு சரியில்லை" என்பதில் ஏதோ ஒன்றை அது சொல்லுகிறது. விளங்கிக்கொள்ளும் சக்தியை அல்லாஹுத் தஆலா நமக்கல்லவா கொடுத்திருக்கிறான்?

ஆதலால், அடுத்த முறை போர்வையில் ஓட்டையைக் கண்டால், "யார்?" என்று கேட்குமுன் "எதனால்?" என்று கேட்போமாக. பூனையின் விஷயத்தில் அவ்வாறு கேட்கப் பழகியவர், கடைப்பையன் ஒருவன் கைதவறிச் சரக்கைக் கெடுத்தாலும் அதே கேள்வியைக் கேட்பார்; வீட்டில் பிள்ளை காரணமின்றி முரண்டு பிடித்தாலும் அதே கேள்வியைக் கேட்பார். அறிந்து பொறுப்பேற்கும் உள்ளத்தை வல்ல நாயன் நம் யாவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.